விசுவாசப் பிரமாணம்: வேலியா, அளவுகோலா?

வானவடியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. உண்டு, தரங்கம்பாடி லுத்தரன் உண்டு, தூத்துக்குடி கத்தோலிக்கர் உண்டு. பெண் எடுக்க, கொடுக்கப் பேச்சு வந்தால் முதல் கேள்வியே "அவங்க என்ன சபை?" என்பதுதான். ஆனால் ஆராதனையில் எழுந்து நின்று இவர்கள் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் அடிப்படையில் ஒன்றே. "இதை ஏன் சொல்றோம்?" என்று பிள்ளைகள் கேட்டால், பதிலை வரலாற்றில்தான் தேடவேண்டும்.

கி.பி. 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். இறைமகன் படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் போதித்ததை மறுத்து ஒரு பிரமாணம் வகுத்தார்கள். அதையொட்டி 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் இன்னும் விரிவான வடிவம் அமைந்தது. மலைப்பிரசங்கம் அதில் இல்லை. அது முக்கியமில்லை என்பதாலா? இல்லை, அன்றைய வழக்கு அதைப் பற்றியது அல்ல. பிரமாணம் ஒரு காலத்துக் கேள்விக்குச் சொன்ன பதில்.

அந்தப் பதிலைத் தமிழில் சொல்வதும் லேசாக இருக்கவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு பிரமாணத்தைத் தமிழாக்கினார். "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் விழுந்துவிட்டது! பிறகு உடன் ஊழியர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். சொல் தவறியபோதும் பரதவ மக்களின் பக்தி பொய்யாகிவிட்டதா என்ன?

1919-இல் தரங்கம்பாடியில் வேதநாயகம் அசரியா முதலானோர் தொடங்கிய ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. அதில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் இருந்தார்கள். பிரமாணத்தைக் கட்டாயமாக்க விரும்பாத காங்கிரகேஷனல் மரபினரும் இருந்தார்கள். ஆகவே அப்போஸ்தலர், நிசேயா பிரமாணங்கள் இரண்டையும் ஏற்ற அத்திருச்சபை, மூன்று விளக்கங்களையும் சேர்த்தது: ஒவ்வொரு சொல்லுக்கும் தனிமனிதரின் சம்மதம் கேட்கவில்லை, நியாயமான விளக்கச் சுதந்திரத்தைத் தடுக்கவில்லை, விசுவாசம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றும் சொல்லவில்லை.

வேலியைப் பிடுங்கிப் போடவில்லை. அதையே அளவுகோலாக்கி ஆளை அளக்கவும் இல்லை. ஊர்விட்டு வந்து, மராத்தியும் இங்கிலீஷும் பேசிவளரும் பிள்ளைகளோடு வாழும் நமக்கு இந்த நிதானம் அவசியம். ஒரு வரியில் தயங்கும் பிள்ளையையோ வேறு சபையிலிருந்து வரும் மருமகளையோ வெளியே நிறுத்த, பிரமாணத்தை யாரும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.