வீடியோக் கருவியும் வீட்டு ஸ்டீரியோவும்

பழைய வீடியோக் கருவி ஒன்றைப் பின்புறம் திருப்பிப் பார்த்தவர்களுக்கு, அங்கே இருவகைத் துளைகள் இருந்தமை நினைவிருக்கும். ஆண்டெனாக் கம்பியைச் செருகுவதற்குரியது ஒருவகை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என வண்ணம் பூசிய வட்டத் துளைகள் மற்றொரு வகை. முன்னதை எல்லாரும் பயன்படுத்தினோம். பின்னவற்றில் தூசி படிய விட்டோம். அந்தத் தூசிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒளிபரப்பாளர்கள் கூடியிருந்தனர். மேடையில் ஒருவர் பேசி முடித்தார். சற்று நேரத்தில் அவரே மீண்டும் தொலைக்காட்சித் திரையில் தோன்றி அதே சொற்களைப் பேசினார். கூட்டம் முதலில் திகைத்து வாய் மூடி இருந்தது. பிறகு ஆரவாரம் செய்தது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் உருவான காட்சிப் பதிவுக் கருவி உலகிற்கு அறிமுகமான நாள் அது. பின்னாளில் திரையரங்க ஒலிக்குத் தம் பெயரையே தந்த ரே டால்பியும் அக்குழுவில் இளைஞராகப் பணியாற்றினார். அதன் விலை ஏறத்தாழ 50,000 டாலர். நிலையங்கள் வாங்கலாம்; வீடுகள் கனவிலும் கருத முடியாது.

அக்கருவியின் சூட்சுமத்தை அறிந்தாலன்றிப் பின்வருவது விளங்காது. காட்சிக்குரிய மின்னலைகள் ஒலிக்குரியவற்றைக் காட்டிலும் பன்மடங்கு விரைவானவை. அவற்றை நாடாவில் எழுத வேண்டுமாயின், நாடாவும் எழுதும் முனையும் ஒன்றையொன்று மிக வேகமாகக் கடக்க வேண்டும். பிரிட்டனில் பி.பி.சி. பொறியாளர்கள் நாடாவையே நொடிக்கு 200 அங்குலம் ஓடவிட்டனர். பெரிய சுருள் ஒன்று 15 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. ஆம்பெக்ஸ் குழுவினரோ நாடாவை நொடிக்கு 15 அங்குலம், அதாவது ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் அளவில் நிதானமாக நடத்தி, எழுதும் முனைகளை நிமிடத்திற்கு 14,400 முறை சுழலவிட்டனர். ஓடுவது நாடாவன்று, எழுத்தாணி! ஒலிக்கு மட்டும் அசையாத தனி முனை ஒன்றை நாடாவின் ஓரத்தில் வைத்தனர். 38 சென்டிமீட்டர் வேகம் ஒலிக்குத் தாராளம் ஆகையால் அன்று அதனால் குறையொன்றும் நேரவில்லை. குறை நேர்ந்தது வீட்டிற்குள் வந்தபோதுதான்.

ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் 1972-லும், ஜப்பானின் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் என்ற பெயரில் 1975-லும், ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்ற பெயரில் 1976-லும் வீட்டுக் கருவிகளை வெளியிட்டன. பீட்டாமாக்சுக்கும் வி.எச்.எசுக்கும் நடந்த போட்டியைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் கவனிப்பது வேறொன்று. 1975-இல் அமெரிக்காவில் பீட்டாமாக்ஸ் தனிக் கருவியாக விற்பனைக்கு வரவில்லை. தொலைக்காட்சியும் பதிவுக் கருவியும் ஒரே மரப்பெட்டிக்குள் சேர்ந்து வந்தன. தனிக் கருவி மறு ஆண்டே அங்குக் கிடைத்தது. வாங்கியவர் எந்தக் கம்பியையும் எதனுடனும் இணைக்க வேண்டியதில்லை என்பதே அம்மரப்பெட்டியின் நன்மை. இணைப்பு என்பது அன்று அவ்வளவு எளிய காரியமாக இருக்கவில்லை.

காரணம் யாதெனின், அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இருந்த வாயில் ஒன்றே. அது ஆண்டெனா வாயில். காட்சியை நேரே உட்செலுத்த வேறு வழியில்லை. வைத்திருக்கலாமே எனக் கேட்கலாம். டிரான்ஸ்பார்மரின் செலவை மிச்சப்படுத்த, பல பெட்டிகளின் உள் உலோகச் சட்டம் வீட்டு மின்சாரத்துடனேயே நேரடித் தொடர்பு கொண்டிருந்தது. அதனோடு வேறொரு கருவியைக் கம்பியால் பிணைத்தால், தொட்டவர் உயிருக்கு ஆபத்து. ஆண்டெனா வாயிலில் மட்டும் காப்பு இருந்தது.

ஆகவே வீடியோக் கருவி ஒரு வேடம் புனைந்தது. தன்னுள்ளே குட்டி ஒளிபரப்பு நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு, நாடாவிலுள்ள காட்சியையும் ஒலியையும் வானலையாக மாற்றி, ஆண்டெனாக் கம்பி வழியே அனுப்பியது. தொலைக்காட்சிப் பெட்டி அதனை எங்கோ உள்ள நிலையம் என்று எண்ணி ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் அது 3-ஆம் அலைவரிசையிலோ 4-ஆம் அலைவரிசையிலோ தோன்றும். அடுத்தடுத்த இவ்விரண்டையும் ஒரே ஊரில் மெய்யான நிலையங்களுக்கு அன்று வழங்கியதில்லை. எனவே எவ்வூரிலும் ஒன்று காலியாக இருந்தது. இந்த வேடத்தால்தான் எத்தனை பழைய பெட்டியிருந்த வீட்டிலும் வீடியோ புக முடிந்தது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கிய பின், ‘டெக்’ என்று நாம் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்ததும் அந்த வழியில்தான்.

வேடத்திற்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்தது ஒலி.

முதலாவது, நாடாவின் வேகம். ஒரு கேசட்டில் முழுத் திரைப்படம் அடங்க வேண்டுமென்று நாடாவை மிகவும் மெதுவாக ஓடவிட்டனர். நம் நாட்டில் வழங்கிய வி.எச்.எஸ். முறையில் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர், ஆம்பெக்சின் வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு, சாதாரணப் பாட்டு கேசட்டின் வேகத்திலும் பாதி. காட்சி முனைகள் சுழல்வதால் காட்சி பிழைத்தது. ஒலி முனை அசையாமல் நின்றதால் ஒலி மங்கியது.

இக்குறையை ஜப்பானியப் பொறியாளர்கள் தீர்த்தனர். பீட்டாமாக்சில் 1983-லும் அதைத் தொடர்ந்து வி.எச்.எசிலும் ‘ஹைஃபை’ ஒலி வந்தது. ஒலிக்கும் சுழலும் முனைகளை அமைத்தனர். வி.எச்.எசில் இம்முனைகள் ஒலியை நாடாவின் காந்தப் பூச்சில் ஆழமாக எழுதும். உடனே பின்தொடரும் காட்சி முனைகள் அதே இடத்தில் மேலாக எழுதும். ஓலைச்சுவடியில் ஒரே வரியில் இரண்டு பாடல்களை எழுதி, இரண்டையும் பிழையின்றிப் படிப்பதற்கு ஒப்பான செயல் இது. சாய்வு வேறாக இருந்தபடியால் ஒன்று மற்றொன்றைக் குழப்பவில்லை. இடம், வலம் என இரு ஒலிகள், மனிதச் செவி கேட்கும் எல்லை முழுவதும். நான் மாணவர்க்கு அறிவியல் கற்பித்த நாளில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான கருவிகளின் உள்ளிருந்த அந்தக் குட்டி நிலையம் ஒற்றை ஒலியையே அனுப்ப வல்லது! எவ்வளவு செலவிட்டு ஹைஃபை கருவி வாங்கினாலும், ஆண்டெனாக் கம்பியால் இணைத்தால் இரு ஒலிகளும் ஒன்றாகக் கலந்து பெட்டியின் சிறு ஒலிபெருக்கியில் அடங்கிவிடும். பிரான்சு நாடு 1980 முதல் புதிய பெட்டிகளில் 21 முனை கொண்ட நேரடி வாயிலைக் கட்டாயமாக்கியது. ஏனையோர்க்கு வட்டத் துளைகளே கதி. அவற்றில் செருகும் முளை, அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கிராமபோனை வானொலிப் பெட்டியுடன் இணைக்கும்பொருட்டு இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே வகுத்தது. வானொலியில் பேசும் நான் அதனைக் கூறாமல் விடலாகாது.

1993-இல் எங்கள் பள்ளியின் பொன்விழாவைச் சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் ஹைஃபை வசதியுள்ள கேமராவில் பதிந்து, கேசட்டை எனக்குத் தந்தார். எனக்கு ஆசானாயிருந்து, என்னையும் ஆசிரியனாக்கிய தலைமையாசிரியரின் கடைசி மேடையுரை அதில் உள்ளது. ஆண்டுதோறும் ஆண்டெனாக் கம்பி வழியே அதைக் கேட்டேன். இருமலும் இரைச்சலும் மிகுந்து, உரையின் பிற்பகுதி எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. நாடா பழுது என்று எண்ணியிருந்தேன். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு புது வி.சி.ஆர். வருவதும் நின்றுவிட்டது என்று அறிந்தபின்தான் அவசரம் பிறந்தது. பழைய ஹைஃபை கருவி ஒன்றைத் தேடி வாங்கினேன்.

மஞ்சளைத் தொலைக்காட்சியிலும், வெள்ளை சிவப்பை வீட்டு ஸ்டீரியோவிலும் செருகினேன். முதலில் ‘போனோ’ என்றெழுதிய துளையில் செருகி, காது கிழியும் அலறலைக் கேட்டேன். அது இசைத்தட்டு ஊசியின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெரிதாக்குவதற்குரிய துளை, வீடியோவுக்குரியது ‘ஆக்ஸ்’. பிறகு ஓயாத உறுமல். கேபிள் டி.வி. கம்பியைக் கழற்றியதும் அது நின்றது. இரு வழியாகப் பூமியிணைப்பு ஏற்படின் 50 சுழற்சி மின்சாரம் இவ்வாறு பாடும்.

அதன்பின் கேட்டேன். இருமியவர் இடப்புறம் அமர்ந்திருக்கிறார். ஐயாவின் குரல் நடுவில் தனியே நிற்கிறது. உரையின் இறுதியில் அவர், தம்மிடம் பயின்று பாதியில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். பதினேழு பெயர்கள். அதில் என் அண்ணன் பெயரும் உண்டு.

ஒரு குறை எஞ்சியது. புதுத் தொலைக்காட்சி, காட்சியைத் திருத்தியமைக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், ஸ்டீரியோவில் குரல் முந்தி வர, அவருடைய உதடுகள் பிந்தி அசைந்தன. பெட்டியின் அமைப்புகளில் ‘கேம்’ என்ற முறையைத் தேர்ந்தபின் அவ்விடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது.