கனவுப் பயணமும் ஒரு கையொப்பமும்



'நான் செல்ல விரும்பும் நாடு' என்பது தொடக்கப்பள்ளிக் கட்டுரைப் பயிற்சிகளில் தவறாது இடம்பெறும் தலைப்பாகும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தலைப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளைத் திருத்தி வருகின்றேன். நாடுகள் மாறியிருக்கின்றன. முன்பு தாஜ்மகாலும் ஈபெல் கோபுரமும் இருந்த இடத்தில் இன்று சியோல் நகரம் இருக்கின்றது. ஆயினும், மாணவிகளின் கட்டுரைகளில் மட்டும் ஒரு வாக்கியம் மாறாமல் வந்துகொண்டே இருக்கின்றது. 'என் பெற்றோர் அனுமதித்தால் நான் கண்டிப்பாகச் செல்வேன்' என்பதே அவ்வாக்கியம். மாணவர்களோ பெரும்பாலும் 'நான் கண்டிப்பாகச் செல்வேன்' என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றனர்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி அனுமதியை வேண்டுவதில் தவறொன்றும் இல்லை. அது நல்ல பண்பே. ஆனால், அந்த 'அனுமதித்தால்' என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. நம் மலாயா மண்ணையும் தொட்டுச் செல்லும் அவ்வரலாற்றில் சில பக்கங்களை இவ்விடுகையில் புரட்டிப் பார்ப்போம்.

நூறு பவுனும் ஒரு தந்தையும்

1831ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர் இசபெல்லா பேர்ட். இளமை முதலே முதுகுத்தண்டு நோயால் துன்புற்றவர். கடற்பயணம் உடலுக்கு நல்லது என மருத்துவர் பரிந்துரைத்தார். 1854ஆம் ஆண்டில் மதகுருவாகிய அவர் தந்தை நூறு பவுனை மகளின் கையில் கொடுத்து, அப்பணம் தீரும்வரை வெளிநாட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று அனுப்பிவைத்தார். அமெரிக்காவும் கனடாவும் சென்று திரும்பிய மகள் அப்பயணத்தை நூலாக எழுதினார்.

அக்காலத்துப் பெண்ணொருத்தி 'உலகைப் பார்க்க விரும்புகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவது எளிதன்று. நோய், உறவினரைப் பார்த்தல், சமயப்பணி என ஏதேனும் ஒரு காரணம் வேண்டும். பேர்ட் அம்மையாருக்கு நோயே கடப்பிதழாயிற்று!

இதே அம்மையார் 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டிற்கும் வந்தார். மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் ஆகிய இடங்களைச் சுற்றினார். பேராக்கில் யானைமேல் ஏறிக் காட்டுவழியே சென்றார். கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் இல்லாத வேளையில் அவர் இல்லத்தில் தங்கியபோது, உணவு மேசையில் இரண்டு குரங்குகளே தமக்கு விருந்துத் துணையாக அமர்ந்திருந்ததைச் சுவைபட எழுதியுள்ளார். இம்மலாயா பயணம் 1883இல் நூலாக வெளிவந்தது.

1892ஆம் ஆண்டில் இலண்டன் அரச புவியியல் கழகம் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது பேர்ட் அவர்களுள் ஒருவரானார். ஆனால், அடுத்த ஆண்டே எதிர்ப்பு எழுந்து, மேலும் பெண்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அக்கதவு மீண்டும் திறக்க 1913ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உலகைச் சுற்றிவந்த பெண்களுக்கும் ஒரு கழகத்தின் வாசலைத் தாண்டுவது கடினமாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரே ஒரு கைப்பை

அடுத்து நாம் காணவிருப்பவர் அமெரிக்கச் செய்தியாளர் நெல்லி பிளை. எலிசபெத் ஜேன் காக்ரன் என்பது இவரது இயற்பெயர். 1864இல் பிறந்த இவர் ஆறு வயதில் தந்தையை இழந்தார். ஆசிரியராக வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்; பணமின்மையால் ஒரு தவணையோடு படிப்பை நிறுத்தினார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று வெளிவந்த எனக்கு, இவர் வாழ்க்கையில் இந்தச் செய்திதான் முதலில் மனத்தைத் தொட்டது.

பின்னர், பெண்கள் எதற்கு உதவுவர் என்று இழித்துரைத்த ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குச் சினத்தோடு மறுப்புக் கடிதம் எழுதினார். அக்கடிதமே அவருக்கு அப்பத்திரிகையில் வேலை வாங்கித் தந்தது. 1887இல் நியூயார்க் சென்று 'வோர்ல்டு' நாளிதழில் சேர்ந்தார்.

அங்கே ஒருநாள் இரவு முழுவதும் அடுத்த கட்டுரைக்குக் கருப்பொருள் கிட்டாமல் தவித்தார். பூமியின் மறுபக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று சலிப்போடு எண்ணினார். அந்தச் சலிப்பிலிருந்தே ஓர் எண்ணம் பிறந்தது. ஜூல் வெர்ன் எழுதிய கதையின் நாயகன் 80 நாள்களில் உலகைச் சுற்றினானே, அதைவிடக் குறைந்த நாள்களில் தாம் சுற்றினால் என்ன?

பத்திரிகை நிருவாகத்தின் மறுமொழி நாம் எதிர்பார்ப்பதுதான். பெண்ணுக்குத் துணை வேண்டும். பெட்டி பெட்டியாகத் துணிமணி எடுத்துச் செல்வாள். ஆகவே ஆணைத்தான் அனுப்ப வேண்டும் என்றனர். நீங்கள் ஆணை அனுப்புங்கள், அதே நாளில் நான் வேறொரு பத்திரிகைக்காகப் புறப்பட்டு அவரை முந்துவேன் என்றார் நெல்லி. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அனுமதி கிடைத்தது. புறப்பட இரண்டே நாள் அவகாசம்!

1889 நவம்பர் 14ஆம் நாள், இருபத்தைந்து வயதில், ஒரே ஒரு கைப்பையோடு கப்பலேறினார். மாற்றுடைகள் சில, மைக்கூடு, எழுதுகோல், ஊசிநூல், முகத்தில் பூசும் களிம்பு ஆகியவை அதனுள் இருந்தன. கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லுமாறு கூறப்பட்ட அறிவுரையை மறுத்துவிட்டார். அதே நாளில் மற்றோர் இதழின் சார்பில் எலிசபெத் பிஸ்லண்ட் என்னும் பெண்ணும் எதிர்த்திசையில் அனுப்பப்பட்டார். நெல்லிக்கோ ஹாங்காங் சென்று சேரும்வரை இச்செய்தி தெரியாது.

பிரான்சில் ஜூல் வெர்னை நேரில் சந்தித்து, சூயஸ் கால்வாய், ஏடன், கொழும்பு வழியாக அவ்வாண்டு டிசம்பரில் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சிங்கப்பூரில் ஒரு குரங்குக்குட்டியை வாங்கித் தம்மோடு கொண்டு சென்றார். அங்கே ஓர் இந்துக் கோயிலைக் காணச் சென்றபோது, உடன்வந்த ஆண்களுக்கு இசைவு கிடைத்தது. பெண் என்பதால் தமக்கு மட்டும் மறுக்கப்பட்டது என அவர் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். நியூயார்க்கில் கேட்ட அதே மறுமொழியைச் சிங்கப்பூரிலும் அவர் கேட்க வேண்டியிருந்தது. இதனைப் படிக்கும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கின்றது.

1890 சனவரி 25ஆம் நாள், 72 நாள் 6 மணி 11 நிமிடத்தில் தம் பயணத்தை முடித்தார். பிஸ்லண்ட் நான்கைந்து நாள் பிந்தி வந்து சேர்ந்தார். அவரும் 80 நாள்களுக்குள் சுற்றி முடித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே துறைமுகம், வேறு பெண்கள்

நெல்லி பிளையின் கப்பல் பினாங்கில் நங்கூரமிட்ட அதே காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்களும் அத்துறைமுகத்திற்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகளால் அழைத்து வரப்பட்டவர்களாகவும் நம் முன்னோர் வந்திறங்கினர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். கடல் ஒன்று, கரை ஒன்று. பயணம் மட்டும் வேறு. அப்பெண்களிடம் எங்கே செல்ல விரும்புகிறாய் என்று எவரும் வினவியிருக்க மாட்டார்கள். பசியும் கடனும் குடும்பமும் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களும் கடல் கடந்தவர்களே. ஆயினும் அவர்கள் எழுதிய பயணநூல் என்று எதுவும் நம் கைக்கு வரவில்லை.

அப்பெண்களின் அடுத்தடுத்த தலைமுறையில்தான், தானே விரும்பி ஓர் ஊரைக் குறிவைத்துப் புறப்பட்ட பெண்கள் நம்மிடையே பெருந்திரளாகத் தோன்றினர். அந்த ஊர் தில்லி.

தில்லியைக் கனவு கண்ட பெண்கள்

1943 சூலை மாதம் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப்படை அமைப்பதாக அறிவித்தார். மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. படித்த குடும்பத்துப் பெண்களும் பால்மரம் சீவிய தோட்டத்துப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று துப்பாக்கி ஏந்தினர். அவர்களுள் பலர் இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்!

கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவருக்கு அப்போது வயது பதினெட்டு. நேதாஜியின் உரையைக் கேட்க மிதிவண்டியில் சென்றவர், தம் காதணிகளைக் கழற்றி நிதியாக அளித்துவிட்டார். மறுநாள் நாளிதழில் படம் வந்த பிறகே வீட்டாருக்குச் செய்தி தெரிந்தது. ராசம்மா நவரத்தினத்திற்கோ வயது பதினாறு. யாழ்ப்பாண வழித்தோன்றலான அவருக்குத் தில்லி முன்னோர் ஊரும் அன்று. இருப்பினும் தம் அக்காள் பொன்னம்மாவுடன் படையில் சேர்ந்தார்.

இங்கேயும் ஒரு கையொப்பம் தேவைப்பட்டது. மணமானவராயின் கணவரும், மணமாகாதவராயின் தந்தையும் விண்ணப்பப் பாரத்தில் ஒப்பமிட வேண்டும். ஜானகியின் தந்தை தயங்கினார். லட்சுமி அம்மையாரே அவர்கள் வீட்டிற்கு வந்து பேசிய பிறகே அவர் கையொப்பமிட்டார். போர்க்களத்திற்கு மகளை அனுப்பும் தாளில் ஒப்பமிட்ட அத்தந்தையின் கை எவ்வளவு நடுங்கியிருக்கும்! அவருடைய தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

அவர்கள் பர்மாவரை சென்றனர். 1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்வதே பெண்களின் பெரும்பணியாயிற்று. 1945 ஏப்ரல் 24இல் நேதாஜி இரங்கூனைவிட்டு வெளியேறியபோது ஜான்சி ராணிப் பெண்களும் உடன் புறப்பட்டனர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்து, பகலில் மறைந்து, மே மாதத்தில் பாங்காக் வந்தடைந்தனர்.

தில்லிக்கு அப்படை சென்று சேரவே இல்லை. அப்படியாயின் அப்பயணம் வீணா? விடையை அவர்களின் பிற்கால வாழ்விலே காணலாம். ஜானகி ஆதி நாகப்பனாக அறியப்பட்ட ஜானகி, 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் நிறுவனர்களுள் ஒருவராகத் திகழ்ந்து, பின்னர் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் மறைந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்து, ஆணுக்கு நிகரான ஊதியம் பெண் ஆசிரியருக்கும் வேண்டும் எனப் போராடினார். இன்று சம ஊதியம் பெறும் நாங்கள் ஒவ்வொருவரும் அப்போராட்டத்திற்குக் கடன்பட்டவர்கள்.

கிர்க்பி என்னும் ஊர்

போருக்குப் பின்னர் பயணத்தின் நோக்கம் கல்வியாயிற்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு அருகிலுள்ள கிர்க்பியில், 1950களின் தொடக்கம் முதல் 1962வரை மலாயா ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி இயங்கியது. மலாய், சீன, இந்திய இளைஞர்களும் இளம்பெண்களும் கப்பலேறிச் சென்று ஈராண்டு பயின்று திரும்பினர். 1956 பிப்ரவரி 7ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் அக்கல்லூரிக்குச் சென்று, 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெறவுள்ளதை அறிவித்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கான கல்லூரியாக அது அமையவில்லை என்பது நமக்கு வருத்தமே. ஆயினும், மகளைக் கடல்கடந்து படிக்க அனுப்பலாம் என்ற எண்ணம் நம் நாட்டுக் குடும்பங்களில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம் எனலாம்.

நம் கையில் உள்ள பாரம்

இவ்வரலாறு எதற்கு என்று கேட்கலாம். பள்ளியில் கல்விச் சுற்றுலாவிற்கோ மாநில அளவிலான போட்டிக்கோ அழைத்துச் செல்லும்போது, பெற்றோர் ஒப்பமிட வேண்டிய அனுமதிப் பாரத்தைக் கொடுத்தனுப்புகிறோம். ஒப்பமின்றித் திரும்பிவரும் பாரங்களில் மாணவிகளுடையவையே கூடுதலாக இருப்பதை நான் தொடர்ந்து கண்டு வருகின்றேன். 'பெண்பிள்ளை, இரவு தங்க வேண்டுமாம், வேண்டாம் டீச்சர்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விளக்கம். கதைசொல்லும் போட்டியில் வட்டார அளவில் வென்ற மாணவிக்கு மாநிலப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பு இப்படியே நழுவியதும் உண்டு. பெற்றோரின் அச்சம் பொய்யன்று. அன்பிலிருந்தே அது பிறக்கின்றது. ஆனால், அதே வீட்டில் அண்ணனின் பாரம் மறுநாளே ஒப்பத்துடன் வந்துவிடுகின்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள்கள் மூன்று:

1. 'எந்த நாட்டிற்குச் செல்வாய்?' என்பதோடு நில்லாமல், 'அங்கே சென்று என்ன கற்பாய்? திரும்பி வந்து என்ன செய்வாய்?' என்றும் பெண்பிள்ளைகளிடம் கேட்போம். கனவுக்கு ஒரு நோக்கம் அமைந்துவிட்டால் அனுமதி கேட்கும் துணிவும் பிறக்கும்.

2. அனுமதி மறுக்கப்பட்டால் ஆசிரியர் பெற்றோரை நேரில் கண்டு பேசுவோம். யார் உடன் வருகிறார், எங்கே தங்குகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று தெளிவாக எடுத்துரைப்போம். லட்சுமி அம்மையார் ஒரு வீட்டின் கதவைத் தட்டியதால்தான் ஒரு ஜானகி கிடைத்தார்.

3. இப்பெண்களின் வரலாற்றை வகுப்பறையில் சொல்வோம். பாடநூலில் இடமில்லையேல் பாட இடைவேளையிலாவது சொல்வோம்.

நூறு பவுன் கொடுத்த தந்தையும், நடுங்கும் கையால் ஒப்பமிட்ட தந்தையும் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. அவர்கள் செய்தது சிறிய செயல்தான். ஆனால், அதன் பயன் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது. உங்கள் வீட்டு மேசையிலும் இன்று அப்படியொரு பாரம் காத்திருக்கக்கூடும். சற்றே சிந்தித்துப் பாருங்கள்.