போபாலின் மற்றைய நஞ்சு

1984ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் நிகழ்ந்தது யாதென்பதை உலகம் அறியும். யூனியன் கார்பைட் தொழிற்சாலையினின்று கசிந்த மெதைல் ஐசோசயனேற்று வாயு ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. ஆயின் அவ்வோர் இரவை மாத்திரம் போபாலின் வரலாறாகக் கொள்வது பொருந்தாது. வாயு காற்றிற் கலைந்தது. அதற்கு முன்னரே மண்ணில் இறங்கத் தொடங்கிய நஞ்சோ கலையவில்லை.

1969இல் இயங்கத் தொடங்கிய இத்தொழிற்சாலை பீடைகொல்லிகளை ஆக்கியது. கழிவுகள் வளவினுள்ளேயே கொட்டப்பட்டன, புதைக்கவும்பட்டன. 1977இல் தொழிற்சாலைக்கு வடக்கே ஆவியாக்கற் குளங்கள் அமைக்கப்பட்டன. அடியிற் பிளாஸ்ரிக் விரிப்பினை இட்டுக் கழிவு நீரைத் தேக்கி வெயிலால் வற்றச்செய்வதே ஏற்பாடு. செலவு குறைந்த ஏற்பாடுதான். விரிப்புக் கிழியாதிருக்கும் வரையில். 1982இலேயே குளங்களிற் கசிவு உண்டென்ற செய்தி இந்தியக் கிளையிலிருந்து அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்குச் சென்றிருந்தது.

இங்கு நீரின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். குளோரீன் சேர்ந்த கரைப்பான்கள் பல நீரிலும் அடர்த்தி கூடியவை. எண்ணெய் போல மிதவாது, அவை நிலக்கீழ் நீரினூடாக அடிவரை தாழ்ந்து, அங்கிருந்து ஆண்டுக்கணக்காகச் சிறிது சிறிதாகக் கரைகின்றன. மேலே கிடக்கும் கழிவை அள்ளிச் செல்வதால் கீழேயுள்ள நீர் தூய்மையாகிவிடுவதில்லை.

தொழிற்சாலையைச் சூழ்ந்த குடியிருப்புகளில் வாழ்ந்த வறியோர் இந்நீரையே கைப்பம்புகளால் இறைத்துப் பருகினர். 1999இல் கிறீன்பீஸ் நடத்திய ஆய்வு அந்நீரிற் காபன் நாற்குளோரைட்டு, குளோரோபோம் முதலியனவும் வளவு மண்ணிற் பாதரசமும் இருப்பதை வெளிப்படுத்தியது. பம்புகள் சிலவற்றுக்குச் சிவப்பு வர்ணம் பூசி, நீர் பருகத்தகாதது என எழுதிவைத்தனர். வேறு நீர் கொடாது வர்ணத்தை மட்டும் கொடுத்த நிருவாகத்தை என்னென்பது! தூய நீர் வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட 2004ஆம் ஆண்டாயிற்று.

துப்புரவு செய்ய வேண்டியவர் யார் என்ற வினாவுக்கு விடை நழுவிக்கொண்டே சென்றது. 1994இல் தாய் நிறுவனம் தன் பங்குகளை விற்று வெளியேறியது. 1998இல் குத்தகை நிலம் மத்தியப் பிரதேச அரசின் கைக்கு மீண்டது. 2001இல் டவ் நிறுவனம் தாய் நிறுவனத்தையே வாங்கியது. எனினும் கடன் தனதன்று என்றது. குடியிருப்பாளர் தொடுத்த வழக்கில், மாசுக்குத் தாய் நிறுவனம் பொறுப்பாகாதென அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2016இல் தீர்ப்பளித்தது.

களஞ்சியத்திற் கிடந்த கழிவை ஜேர்மனிக்கு அனுப்பும் திட்டம் 2012இற் கைவிடப்பட்டது. ஈற்றில், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2024 டிசெம்பரில் நான்கு வாரத் தவணை விதித்த பின்னரே, 2025 சனவரி முதல் நாளிரவு 12 கொள்கலன் ஊர்திகள் ஏறத்தாழ 337 தொன் கழிவுடன் பீதாம்பூர் நோக்கிப் புறப்பட்டன. தம் ஊரும் போபாலாகிவிடுமென அஞ்சிய பீதாம்பூர் மக்கள் வீதிக்கு வந்தனர். அவர்தம் அச்சத்தைப் பேதைமை எனத் தள்ளுதல் எளிதன்று. எனினும் அவ்வாண்டு யூன் இறுதியளவில் எரியுலையில் அக்கழிவு எரித்து முடிக்கப்பட்டது. அதனிலும் மிகுந்த நிறையுடைய சாம்பலும் எச்சமும் மிஞ்சின.

2010இல் இந்திய ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டபடி, போபால் வளவில் மாசுற்ற மண் ஏறத்தாழ 11 இலட்சம் தொன். அன்றிரவு சென்ற ஊர்திகளில் அது ஏற்றப்படவில்லை.