அம்மாச்சி கேட்ட கேள்வி: நியூயார்க் சந்தையில் இருந்து ஒரு கூட்டு

(ஒலிப்பதிவு, வாசிப்பதற்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது)

இன்னைக்கு எபிசோட் ஒரு கூட்டுல இருந்து ஆரம்பிக்குது. சாப்பிடுற கூட்டுதான்.

நியூயார்க் வந்த புதுசுல எனக்குச் சமையல்னா முட்டையும் பிரெட்டும் மட்டும்தான். செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை யூனியன் ஸ்கொயர் சப்வே படியேறி வெளிய வந்தேன். பூங்காவைச் சுத்தி வரிசையா கூடாரங்கள், பின்னாடி லாரிகள், மேஜை மேல காய் குவியல். ஒரு மேஜையில பட்டர்நட் ஸ்குவாஷ்னு எழுதி, ஒரு காயைப் பாதியா வெட்டி வெச்சிருந்தாங்க. வெளிய வெளிறின தோல், சுரைக்காய் மாதிரி உருவம். உள்ள பார்த்தா அச்சு அசல் நம்ம மஞ்சப் பூசணி.

உடனே அம்மாச்சிக்கு வீடியோ கால் போட்டேன். அவங்க மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில பல வருஷம் காய் வித்தவங்க. சந்தையைச் சுத்திக் காட்டினேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவங்க விலையைக் கேக்கல. "அங்கன விக்கிறவுகளே வெளைய வச்சவுகளா? காசு அவுக கைக்கே போகுதா?"ன்னு கேட்டாங்க.

"ஆமா அம்மாச்சி"ன்னு சொல்லிட்டேன். ஆனா எனக்கு உண்மையில தெரியாது. அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

கதையை 1930-ல இருந்து தொடங்கலாம். அந்த வருஷம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில மைக்கேல் கல்லன் 'கிங் கல்லன்'ங்கிற கடையைத் திறந்தார். அமெரிக்காவின் முதல் சூப்பர் மார்க்கெட்னு பரவலாச் சொல்லப்படுற கடை இது. அடுத்த முப்பது வருஷத்துல குளிரூட்டப்பட்ட லாரிகள் வந்தன. 1956-ல நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் விளைஞ்ச காய் நாடு முழுக்கப் போய்ச் சேர ஆரம்பிச்சது. தக்காளியைப் பச்சையாகவே பறிச்சு, எத்திலீன் வாயு காட்டிச் சிவக்க வெச்சாங்க. ருசி போனாலும் தூரம் தாங்குச்சு.

மன்ஹாட்டனின் தென்கோடியில வாஷிங்டன் மார்க்கெட்னு ஒரு பழைய மொத்தச் சந்தை இருந்தது. அதைக் காலி பண்ணி, காய்கறி வியாபாரத்தை 1967-ல பிராங்க்ஸ் பகுதியின் ஹன்ட்ஸ் பாயின்டுக்குக் கொண்டுபோனாங்க. பெரிய லாரிக்கும் பெரிய வியாபாரிக்கும் அது வசதி. ரெண்டு மணி நேர தூரத்துல பத்து ஏக்கர் வெச்சிருக்கிற விவசாயி என்ன பண்ணுவார்? மொத்த வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடணும், இல்லைன்னா நிலத்தை விக்கணும். நிறைய பேர் வித்தாங்க.

இதை நேர்ல பார்த்தவர் பேரி பெனபி. கட்டடக் கலைஞர், நகரத் திட்டமிடல் நிபுணர். நியூயார்க்குக்கு வடக்கே வேலைக்காகப் போனப்போ பண்ணைகள் வீட்டு மனைகளா மாறுறதைக் கவனிச்சார். நகரத்துலயோ நல்ல பழம் கிடைக்கலைன்னு ஜனங்களுக்குக் குறை. ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிக்க வெச்சா என்னன்னு யோசிச்சார். பாப் லூயிஸ் கூடச் சேர்ந்தார்.

1975-ல நியூயார்க் நகராட்சி திவாலாகிற நிலைக்கு வந்திருந்தது. அரசாங்கத்துகிட்ட பணம் எதிர்பார்க்க முடியாத அந்தச் சமயத்துல, 1976 ஜூலையில, 59-வது தெருவும் இரண்டாவது அவென்யூவும் சந்திக்கிற இடத்துல ஒரு காலி மனையில முதல் 'கிரீன்மார்க்கெட்' கூடுச்சு. வந்த விவசாயிகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல இல்ல. கொண்டுவந்த சரக்கு வித்துத் தீர்ந்துடுச்சு. அதே வருஷம் சந்தை யூனியன் ஸ்கொயருக்கும் வந்தது. அப்போ அந்தப் பூங்கான்னா போதைப்பொருள் விக்கிற இடம்னுதான் பேர். ஜனங்க உள்ள போகவே யோசிப்பாங்க. அந்த இடம் மாறுனதுல இந்தச் சந்தைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

இதுல அம்மாச்சி கேள்விக்கு நேரான பதில் ஒரு விதியில இருக்கு: நீ விளைவிச்சதைத்தான் நீ விக்கணும். மொத்தச் சந்தையில வாங்கி இங்க விக்கக் கூடாது. அதைச் சரிபார்க்கப் பண்ணைக்கே ஆள் அனுப்புறாங்க. ஆக, நான் கொடுத்த காசு விளைய வெச்சவர் கைக்குத்தான் போச்சு.

சரி, வாங்குறவங்க யாரு? இங்கதான் கதை கொஞ்சம் கசக்குது. அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவுக்காக அரசு தர்ற உதவி முன்னாடி காகிதக் கூப்பனா இருந்தது. அது பிளாஸ்டிக் கார்டா மாறினப்போ, மின்சாரமும் போன் லைனும் இல்லாத திறந்தவெளிச் சந்தையில அதைத் தேய்க்க மெஷின் இல்ல. பணக்காரர் சந்தைன்னு பேர் வந்ததுக்கு விலை மட்டும் காரணம் இல்ல. அப்புறம்தான் கார்டு மெஷின் வந்தது. நகரச் சுகாதாரத் துறையும் காய், பழம் வாங்க 2 டாலர் கூப்பன் கொடுக்க ஆரம்பிச்சது.

சரி, அடுப்புக்கு வருவோம். அரை டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள் போட்டு வேக வெச்சேன். பருப்பு முக்கால் பதம் வந்தப்புறம் காயைப் போடுங்க. பட்டர்நட் சீக்கிரம் குழைஞ்சுடும். தேங்காய், சீரகம், வர மிளகாய் அரைச்சு ஊத்தணும். காய் நல்ல இனிப்பு, அதனால மிளகாய் ஒண்ணு கூடுதல். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளிச்சா வேலை முடிஞ்சது. தேங்காயும் கறிவேப்பிலையும் லெக்சிங்டன் அவென்யூ இந்தியக் கடையில வாங்கினது.

முதல் வாய் வெச்சதும் அம்மாச்சி வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. பட்டர்நட், 1940-கள்ல மாசச்சூசெட்ஸ்ல உருவான ரகம். ஆனா நம்ம மஞ்சப் பூசணியும் அதுவும் தாவரவியல்படி ஒரே இனம்: குகுர்பிட்டா மோஸ்காட்டா. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மன்ஹாட்டன் மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்கள் சோளம், பீன்ஸோட ஸ்குவாஷும் பயிர் செஞ்சவங்க. நம்ம ஊருக்கு இந்தக் காய் போர்த்துகீசியர் காலத்துல வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுல பல ஊர்ல இதுக்குப் பேரே பறங்கிக்காய். ஊர் ஞாபகம்னு நான் வாங்கின காய்க்கு, ஊரே இதுதான்.

அம்மாச்சி நின்ன சந்தைக்கும் ஒரு தேதி இருக்கு. 1999 நவம்பர் 14, மதுரை அண்ணா நகர்ல முதல் உழவர் சந்தையை முதலமைச்சர் கருணாநிதி தொடங்கினார். விவசாயிக்கு அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது, தராசு அங்கேயே தருவாங்க. தினமும் காலையில பலகையில விலை எழுதுவாங்க, மொத்த விலைக்கு மேல, வெளிக்கடை விலைக்குக் கீழ. 2001-ல ஆட்சி மாறினதும் கவனிப்பு குறைஞ்சு பல சந்தைகள் படுத்துருச்சு. 2006-க்கு அப்புறம் மறுபடி உயிர் வந்தது.

ரெண்டு ஊர்லயும் சந்தையைக் காப்பாத்த வழி கண்டுபிடிச்சுட்டாங்க. நிலத்தைக் காப்பாத்துறதுதான் கஷ்டமா இருக்கு. பெனபி பார்த்த அதே காட்சியை நான் போன லீவுல பார்த்தேன். அம்மாச்சி கத்திரி போட்ட வயலுக்குப் பக்கத்து வயல்ல மஞ்சள் பெயிண்ட் அடிச்ச மனைக் கல்லு. அந்தக் கல்லு வரிசை அவங்க வரப்பு வரைக்கும் வந்திருக்கு. கேட்டு வர்றவங்ககிட்ட அவங்க இன்னும் பதில் சொல்லல.

கூட்டு பண்ண அன்னைக்கு மறுபடி கூப்பிட்டேன். "காசு அவுக கைக்குத்தான் போகுது அம்மாச்சி, நான் விசாரிச்சுட்டேன்." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நெலம் அவுக பேர்லயே இருக்காடா?"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்த சனிக்கிழமை அந்தக் கடைக்காரர்கிட்டயே கேக்கப் போறேன். உங்க ஊர்ல காய் வாங்குறப்போ நீங்களும் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எழுதுங்க.