பிராச்சி யாதவ்: இரண்டு படகுகளின் கதை

அதியமான்கோட்டைப் பக்கம் படகு என்றாலே நினைவுக்கு வருவது ஒகேனக்கல் பரிசல்தான். வட்டமாக இருக்கும். ஒரு பக்கமாகவே துடுப்பு போட்டால் நேராகப் போகாது, சுற்ற ஆரம்பித்துவிடும். பரிசல்காரர்களின் திறமையே அதை நேராகக் கொண்டு போவதில்தான் இருக்கிறது.

இதே தலைவலி உள்ள இன்னொரு படகு பசிபிக் தீவுகளில் உண்டு. பெயர் 'வாஆ'. நீளமாக, ஒல்லியாக இருக்கும். கவிழாமல் இருக்க ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய மிதவையைக் கட்டியிருப்பார்கள். பந்தயத்துக்கான ஒற்றை ஆள் படகில் சுக்கானும் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் வேகமும் எடுக்க வேண்டும், திசையும் பிடிக்க வேண்டும். (நம் கட்டுமரம் வேறு, அது கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது. ஆங்கிலத்தில் அது 'கேட்டமரான்' ஆனபோது இரட்டைப் படகாக மாறியது தனிக்கதை!)

இந்தப் படகில் பாராலிம்பிக் இறுதிப்போட்டி வரை போனவர் கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துக்காரர் என்றால் ஆச்சரியம்தானே? குவாலியரில் 1995-ல் பிறந்த பிராச்சி யாதவுக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே செயல்பாடு இல்லை. முதலில் அவர் நீச்சல் வீராங்கனை. கைகள் நீளமாக இருப்பதைப் பார்த்துப் படகுப் பக்கம் போகச் சொன்னவர் பயிற்சியாளர் வீரேந்தர் குமார் டபாஸ். 2018-ல் துடுப்பைக் கையில் எடுத்தார். பயிற்சி போபால் ஏரியில், மயங்க் தாக்கூரிடம்.

மூன்றே வருடத்தில் டோக்கியோ. பாராலிம்பிக்கில் 2016-ல் நுழைந்த இந்தப் போட்டியில் அப்போது கயாக் மட்டும்தான் இருந்தது. வாஆ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது டோக்கியோவில்தான். பாராலிம்பிக் கேனோயிங்கில் கலந்துகொண்ட முதல் இந்தியரும் பிராச்சிதான். 2021 செப்டம்பரில் நடந்த விஎல்2 பிரிவு 200 மீட்டர் இறுதிப்போட்டியில் 1 நிமிடம் 7.329 வினாடியில் எட்டாவதாக வந்தார். தங்கம் வென்ற பிரிட்டனின் எம்மா விக்ஸ் எடுத்துக்கொண்டது 57.028 வினாடி. பத்து வினாடி வித்தியாசம்! 200 மீட்டரில் இது மிகப் பெரிய இடைவெளி. எட்டாவது இடம்தானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், அவர் துடுப்பைத் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த மே மாதம் போலந்தின் போஸ்னான் உலகக்கோப்பையில் அதே வாஆவில் வெண்கலம். பாரா கேனோயிங் உலகக்கோப்பையில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது.

பிறகு ஹாங்சோ. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2023 அக்டோபரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் பிராச்சி இரண்டு படகிலும் இறங்கினார். வாஆவில் வெள்ளி. கயாக்கில் தங்கம், 54.962 வினாடி! கயாக்கில் துடுப்பின் இரண்டு முனையும் தட்டையாக இருக்கும், இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடலாம். சுக்கானும் உண்டு. அதனால்தான் அந்த வேகம். ஆனால் இரண்டுக்கும் தோள் வேலை வேறு, உட்காரும் விதம் வேறு. இரண்டையும் ஒரே சமயத்தில் பழகுவது சாதாரண விஷயமல்ல. அவருடைய கணவர் மனீஷ் கௌரவும் அங்கே கயாக்கில் வெண்கலம் வாங்கினார்.

இதன் மதிப்பு தெரிய ஒரு கணக்கு: வழக்கமான ஆசிய விளையாட்டில் கேனோயிங்கில் 1994 ஹிரோஷிமா வெண்கலத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அடுத்த பதக்கம் கிடைக்க 29 வருடம் ஆனது. அதே 2023 அக்டோபர், அதே ஹாங்சோ. அர்ஜுன் சிங், சுனில் சிங் ஜோடி வென்றது, அதுவும் வெண்கலம்தான்.

2024 ஜனவரியில் பிராச்சி அர்ஜுனா விருது பெற்றார். செப்டம்பரில் பாரிஸ். மறுபடியும் வாஆ, மறுபடியும் இறுதிப்போட்டி, மறுபடியும் எட்டாவது இடம். நேரம் 1 நிமிடம் 8.55 வினாடி, டோக்கியோவைவிடச் சற்று அதிகம். திறந்தவெளித் தண்ணீரில் காற்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி அடிக்கும் என்பதால் நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. தங்கம் இந்த முறையும் எம்மா விக்ஸுக்கே.