பட்டயம் ஏந்தும் பணி: பெரம்பலூர், அரியலூர் வட்டார வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்

பெரம்பலூரை அடுத்த ஒரு சிற்றூர்ச் சபையில் திருவிருந்து ஆராதனை முடிந்தபின், ஆயுதப்படைக் காவலராகத் தேர்வு பெற்றிருந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்து, “ஐயா, மேலதிகாரி உத்தரவிட்டு நான் சுட, ஒருவன் இறந்துபோனால், அடுத்த ஞாயிறு நான் இந்தப் பந்திக்கு வரலாமா?” என்று கேட்டார். ரோமர் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டி அவரை அனுப்பிவைத்தேன். அதிகாரமுள்ளவன் பட்டயத்தை வீணாய்ப் பிடித்திருக்கவில்லை என்று பவுல் எழுதியிருப்பதால் விடை முடிந்துவிட்டதென்றே அன்று எண்ணினேன். ஆனால் அவர் பட்டயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பந்தியைப் பற்றியே கேட்டார் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு விளங்கிற்று.

இவ்வட்டாரம் வாளைப் புதிதாய் அறிந்ததன்று. கங்கை கொண்ட சோழபுரம் ஒரு படையெடுப்பின் நினைவாகவே எழுந்த தலைநகர். செயங்கொண்டம் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன், பரணி பாடிய புலவரின் பெயரும் நினைவிற்கு வரும். கொடியோரை ஒறுத்தலைக் களையெடுத்தலோடு ஒப்பிடும் திருவள்ளுவர், அதனைச் செங்கோன்மை அதிகாரத்திலேயே வைத்தார். ஆகவே, அரசாள்வோன் உயிரைப் பறிக்கலாம் என்னும் கருத்தை நம் மக்கள் மிஷனெரிகளிடமிருந்து கற்கவில்லை. மிஷனெரிகள் அதற்கு ஒரு திருமறை ஆதாரத்தை அளித்தனர், அவ்வளவே.

தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தோரும் 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கைக்குக் கட்டுப்பட்டவர்கள். கிறிஸ்தவர் அரசுப் பணி வகிக்கலாம், சட்டப்படி தண்டனை விதிக்கலாம், நியாயமான போரில் ஈடுபடலாம் என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஆங்கிலத் திருச்சபையின் 37ஆம் விதியும் ஏறக்குறைய இதனையே சொல்லும். இவற்றுக்கு மாறாக, 1527ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஷ்லைத்ஹைம் என்னுமிடத்தில் கூடிய மறுதிருமுழுக்குச் சபையார், பட்டயம் தேவனுடைய ஏற்பாடேயாயினும் கிறிஸ்துவின் நிறைவுக்குப் புறம்பானது என்றனர். அந்தக் குரல் நம் காவேரிக் கரையை எட்டவில்லை.

எட்டாமற்போனதற்குக் காரணமும் உண்டு. இங்கே திருச்சபையும் படையும் ஒரே கோட்டைக்குள் வளர்ந்தன. தஞ்சை அரசரின் படையில் வீரராயிருந்த ராஜநாயக்கன், தமிழில் அச்சிடப்பட்ட புதிய ஏற்பாட்டைப் படித்து மனம் மாறித் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து, உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். திருநெல்வேலிச் சீமையில் சபை தோன்றிய வேளையில் ஓர் ஆங்கிலச் சார்ஜெண்டு அதற்குக் கைகொடுத்ததைச் சுவார்ட்ஸ் ஐயர் 1771ஆம் ஆண்டில் குறித்து வைத்திருக்கிறார். வட இந்தியாவில் நிலை வேறு. மீரத்தில் 1819ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற நாயக் ஒருவரை வங்காளப் படை தன் அணியிலிருந்து விலக்கிற்று. சென்னைப் படையிலோ கிறிஸ்தவச் சிப்பாய் என்பவர் வியப்புக்குரியவர் அல்லர்.

ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்தவர்கள் அதன் அடிவாரச் சமவெளியை மறக்கமாட்டார்கள். 1751ஆம் ஆண்டில் அந்த வாலிகண்டபுரப் பகுதியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாக நின்றனர். கோட்டைத் தலைவரோ எப்பக்கமும் சாராமல் இருவரோடும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆங்கிலப் படையின் ஐரோப்பிய வீரர்களே முதலில் கலங்கி ஓடினார்கள். படை ஊட்டத்தூர் வழியாய்த் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கிற்று. அப்படையில் இளைஞரான ராபர்ட் கிளைவும் இருந்தார். யார் நவாபு ஆவது என்பதே வழக்கு. அன்று சுட்டவனும் சுடப்பட்டவனும் தத்தம் ‘அதிகாரமுள்ளவனுக்கு’க் கீழ்ப்படிந்தவர்களே. ரோமர் 13ஐ இருவர் கையிலும் கொடுத்தால் அது எவரைத் தடுக்கும்?

பதினோராண்டுகள் கழித்து, 1762ஆம் ஆண்டில், கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் திருச்சிராப்பள்ளியில் தங்கிப் பணிசெய்யத் தொடங்கினார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததால் அநாதைகளான சிப்பாய்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1764ஆம் ஆண்டில் மதுரை முற்றுகையின்போது பாளையத்திற்குச் சென்று காயமுற்றோருக்கும் சாகக் கிடந்தோருக்கும் பணிவிடை செய்தார். அம்முற்றுகையின் முடிவில், அக்டோபர் 15ஆம் நாள் யூசுப் கான் தூக்கிலிடப்பட்டார். கோட்டைப் படையினரின் பொருளுதவியோடு கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்டது. பின்னர் அவர் கம்பெனிப் படையின் குருவாகவும் ஊதியம் பெற்று, அதில் பெரும்பகுதியை ஊழியத்திற்கே செலவிட்டார்.

அந்த ஆலயம் எழும்பிய காலத்திலேயே, 1765இல், கப்பப் பாக்கியைக் காரணங்காட்டி நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா கம்பெனிப் படையின் துணையோடு அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரு பாளையங்களையும் கைப்பற்றினார். மழவராயரும் காலாட்கள் தோழ உடையாரும் தத்தம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இம்மழவராயர் குடும்பமே ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவரின் ஆலயத்திற்கு நிலம் ஈந்தது என்பது அவ்வூரார் வழிவழியாய்ச் சொல்லிவருவது. பாக்கி வசூலிக்க உயிர்களைக் கொல்லுதல் நியாயமான போரா? 16ஆம் பிரிவில் ‘நியாயமான’ என்னும் சொல் வீணுக்கு எழுதப்படவில்லை. 1526ஆம் ஆண்டில் போர்வீரரும் மீட்புப் பெறக்கூடுமோ என்பதை ஆராய்ந்து லூத்தர் எழுதிய நூலிலும், தன் தலைவன் செய்வது அநியாயம் என்று உறுதியாய் அறிந்த வீரன் மனிதருக்கு அல்ல, தேவனுக்கே அஞ்சித் தன் ஊழியத்தை விட்டுவிடவேண்டும் என்று அறிவுறுத்துகிறார்; ஐயமிருந்தால் மட்டுமே தலைவனை நம்பலாம் என்கிறார். கீழ்ப்படிதலைக் கற்பித்த பாதி நம் வினாவிடைப் பாடங்களில் நன்றாக வேரூன்றிற்று. மற்றப் பாதியை, நான் சிறுவனாயிருந்தபோது மனப்பாடம் செய்தவற்றில் ஒருபோதும் கண்டதில்லை.

சுவார்ட்ஸ் ஐயரை இதற்காகக் குறைகூறுவது எளிது. அது நேர்மையும் ஆகாது. 1779ஆம் ஆண்டில் சென்னை அரசினர் அவரை ஐதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குத் தூது அனுப்பினபோது, இரத்தம் சிந்துதலைத் தடுக்கும் முயற்சி என்பதாலேயே ஒப்புக்கொண்டார். வெகுமதி எதுவும் தம் கையைக் கறைப்படுத்தலாகாது என்றும் தீர்மானித்தார். ஐதர் கொடுத்த பணத்தை மறுக்க இயலாமற்போகவே, அதனைத் தஞ்சையில் அநாதைப் பள்ளிக்காக ஒதுக்கினார். மறுஆண்டு ஐதரின் படை கர்நாடகச் சீமைக்குள் பாய்ந்தது. தஞ்சையில் பஞ்சம் வந்தபோது, எவர் சொல்லையும் நம்பாத குடிகள் சுவார்ட்ஸின் சொல்லை நம்பித் தானியம் கொண்டுவந்தார்கள். அவரைத் தடையின்றிப் போகவிடும்படி ஐதரும் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். படையின் ஊதியம் பெற்ற ஒரு குருவை எதிரியும் நம்பினான் என்றால், அவர் வாயினால் கற்பித்ததைக் காட்டிலும் நடக்கையினால் கற்பித்தது மிகுதி.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். கான்ஸ்டன்டைனுக்கு முற்பட்ட சபை, கொலை செய்யும்படி ஏவப்பட்டாலும் வீரன் செய்யலாகாது என்று திருமுழுக்கு ஆயத்தக்காரருக்குக் கற்பித்ததை இப்போலித்துவின் பெயரால் வழங்கும் சபை ஒழுங்கு காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. ஆயினும் செசரியாவின் பேராயர் பசிலியு, தம் நியமக் கடிதமொன்றில், போரில் கொல்லுதலை முன்னோர் கொலைபாதகமாக எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டபின், அவ்வாறு செய்தவர் கைகள் தூயனவல்ல என்பதால் மூன்றாண்டுகள் திருவிருந்தினின்று விலகியிருப்பது நலம் என்கிறார். பேரரசன் தியோடோசியு 390ஆம் ஆண்டில் தெசலோனிக்கேயில் செய்வித்த படுகொலைக்காக அம்புரோசு அவரைத் தவத்திற்குட்படுத்தியது வேறு வகை. அது சட்டத்தை மீறிய செயல். பசிலியு பேசுவதோ சட்டத்திற்குட்பட்ட கொலையைப் பற்றி. குற்றமன்று, ஆனாலும் துக்கத்திற்குரியது. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. மேற்கத்திய சபை இந்த நியமத்தைக் கைவிட்டது; அதனிடமிருந்து பெற்ற நாமும் பெறவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் நம்மைவிட எச்சரிக்கையாயிருக்கிறது. மரணதண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனைக் கைது செய்கையில் கொல்லும் உரிமை காவலர்க்கில்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. மோதல் மரணங்கள் ஒவ்வொன்றும் புலனாய்வு செய்யப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. இவ்வட்டாரத்தார்க்கு 1987ஆம் ஆண்டு மறந்திராது. மார்ச்சு மாதத்தில் மருதையாற்றுப் பாலத்தில் வைத்த குண்டு இரயில் பயணிகளைக் கொன்றது. செப்டம்பர் முதல் நாளில் பொன்பரப்பியில் வங்கிக்குள் புகுந்த தமிழரசனும் உடனிருந்தோரும் அடித்துக் கொல்லப்பட்டனர். கொன்றது கூட்டம் என்பார்கள். வேறு விதமாய்ச் சொல்வாரும் உண்டு. எவ்விதமாயினும் அங்கே நீதிபதி இல்லை. பவுல் 12ஆம் அதிகாரத்தின் முடிவில் பழிவாங்குதலை நம் கையினின்று எடுத்து, 13இல் அதனை அதிகாரத்தினிடம் ஒப்படைக்கிறார், தெருவினிடம் அன்று. அந்நாளில் கொலையுண்டவர்களுக்காக எந்த ஆலயத்திலாவது விண்ணப்பம் ஏறெடுக்கப்பட்டதா என்று சில முதியோரிடம் வினவினேன். அப்படிச் செய்யலாமா என்று அவர்கள் என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

அந்த இளைஞர் பயிற்சி முடிந்து விடுமுறையில் வந்தபோது, முன்பு நான் கூறிய விடையைத் திருத்திக்கொண்டேன். “பந்திக்கு வரலாம். அதற்கு முன் என்னிடம் வாரும், இறந்தவனுக்காகவும் அவன் வீட்டாருக்காகவும் இருவருமாய் முழங்காற்படியிட்டு விண்ணப்பம் செய்தபின் ஆலயத்திற்குப் போவோம்” என்றேன். இது சீர்திருத்தச் சபையின் விசுவாசத்திற்கு ஒவ்வாத பாவப் பரிகாரமாகிவிடும் என்று உடன் ஊழியர் ஒருவர் கடிந்துகொண்டார். பசிலியுவின் மூன்றாண்டுகளை நான் விதிக்கவில்லை. விதிக்கவும் எனக்கு அதிகாரமில்லை. ஆயினும் போர்வீரருக்கும் காவலருக்கும் வெற்றி வேண்டும் விண்ணப்பங்களை வைத்திருக்கும் நம் ஆராதனை ஒழுங்கில், அவர்கள் கையால் மடிந்தவர்களுக்கென ஒரு வரியேனும் சேர்க்கலாகுமா என்பதைப் பற்றி உடன் ஆயர்கள் இவ்விதழில் எழுதுவார்களானால் நலமாயிருக்கும்.