பொருநை நூற்ற நூல்

பொருநை என்றதும் நெல்வயல்களே நம் நினைவில் எழும். அவ்வாறு நூலும் நூற்றது. நிலக்கரியை நம்பி ஆலைகள் பல இயங்கிய காலத்தில், பாபநாசத்தில் மலையிறங்கும் நீரின் விசையையே ஆற்றலாகக் கொண்டு, 1885-இல் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை நிறுவினர். அருவியே அங்குக் கொதிகலன்! அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரம் என்னும் சிற்றூர் ஆலைச்சங்கின் ஒலிக்குத் துயிலெழும் ஊராயிற்று. பின்னர் அவ்வாலை மதுரா மில்ஸுடன் இணைந்து, 1974-இல் மதுரா கோட்ஸ் என்னும் பெயர்க்குள் அடங்கிற்று.

முதலாளிகளின் பெயர்தாங்கி மதுரையருகே ஹார்விபட்டி என ஓர் ஊரே உண்டு. பஞ்சுத்தூசியை நெஞ்சில் சுமந்து இராப்பகல் முறைவேலை பார்த்தோர் பெயர்களையோ அவர்தம் வீட்டாரே அறிவர். முனிர்காவில் வாழும் நெல்லைக் குடும்பங்களுள் பாபநாசம் ஆலையில் பணிபுரிந்த பாட்டனாரை உடையோர் அவர் பெயரும் பிரிவும் எழுதித் தருக. அடுத்த மலரில் பதிக்க விழைகிறோம்.